பேசாத ஜன்னல்

ஜூலை மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், பகல் பதினோரு மணிக்கு, எதிர்வீட்டில் குழாய் திறந்து கிடக்கிற சத்தம் கேட்டது. எங்கள் கட்டடத்தில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து தண்ணீர் விடுவது காலை ஐந்தரை முதல் ஏழு வரை, சாயங்காலம் ஓர் அரைமணி. பதினோரு மணிக்குக் குழாயில் காற்றுகூட வராது. உரித்துக்கொண்டிருந்த சேப்பங்கிழங்கை அப்படியே போட்டுவிட்டுப் பிசுபிசுத்த கையோடு போய்க் கதவைத் தட்டினேன்.

"மணி, குழாயைத் திறந்து வெச்சுட்டேளா?"

கதவைத் திறந்தவரின் கழுத்தில் ஹெட்ஃபோன் தொங்கியது. "குழாய் இல்லை மாமி. கம்ப்யூட்டர். காது ரெண்டும் கொதிக்கறது, அதான் ஸ்பீக்கர்ல வெச்சுண்டிருக்கேன். தொந்தரவா இருக்கா?"

"தொந்தரவு இல்லை. என்னது அது, பாட்டா?"

"வெறும் இரைச்சல். அதுலேர்ந்து ஒண்ணைக் கண்டுபிடிக்கணும். ரெண்டு மூணு நாள் பொறுத்துக்கோங்கோ."

நான் மாட்டுங்காவில் இந்தக் கட்டடத்துக்கு வந்து இருபத்திரண்டு வருஷம். வந்த நாளிலிருந்து எதிர்வீட்டில் வேங்கடசுப்ரமணியனும் ஷ்யாமளாவும்தான். அத்தனை நீளப் பெயரை யாரும் சொல்வதில்லை, எல்லோருக்கும் மணி. காலேஜ் இரண்டாம் வருஷத்தில், பத்தொன்பது வயதில், ஆறு மாதத்துக்குள் அவருக்கு இரண்டு கண்ணிலும் பார்வை போய்விட்டது. இப்போது ஐம்பத்திரண்டு. ஷ்யாமளா ஃபோர்ட்டில் ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீசில் இருக்கிறாள். பெண் அம்மு புனேயில் வேலை பார்க்கிறாள்.

மணியின் தொழில் சவுண்ட் எடிட்டிங். செம்பூரில் ஓர் ஒலிப்பதிவுக் கம்பெனிக்கு இருபத்தாறு வருஷமாகச் செய்கிறார். கடைசிப் பத்து வருஷம் வீட்டிலிருந்தே. யாரோ பேசியதை, படித்ததைப் பதிவு செய்து அனுப்புவார்கள். நாக்கு ஒட்டும் சத்தம், தாள் புரளுவது, வெளியே போன பஸ்ஸின் ஹாரன், ஏசி இரைச்சல் எல்லாவற்றையும் இவர் எடுத்துவிட்டு, பேசினவர் நம் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் ஆக்கித் தருவார். கம்ப்யூட்டர் திரையில் இருப்பதை எல்லாம் ஒரு குரல் அவருக்குப் படித்துக்காட்டும். அது பேசுகிற வேகம் நமக்குப் பிடிபடாது. வெந்நீர் கொதிப்பதுபோல் இருக்கும். இடது காதில் அந்தக் குரல், வலது காதில் வேலை. ஒருநாள் ஆசைக்கு அந்த ஹெட்ஃபோனை மாட்டிப் பார்த்து ஐந்து நிமிஷத்தில் தலை சுற்றிக் கழற்றிவிட்டேன். அவர் அதை ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் மாட்டிக்கொண்டு, இடையில் எழுந்து போய்க் குக்கரையும் அணைத்துவிட்டு வருவார்.

அந்த மனிதர் எதற்காக இரைச்சலைப் போட்டு உட்கார்ந்திருக்கிறார் என்பது அன்று சாயங்காலம், ஷ்யாமளா ஆபீசிலிருந்து நனைந்துகொண்டு வந்து என்னிடம் காபிக்கு உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது.

முந்தின வெள்ளிக்கிழமை கம்பெனியிலிருந்து கிருஷ்ணா வந்திருக்கிறான். முப்பத்தைந்து வயது, முலுண்ட் பையன், தயாரிப்புப் பொறுப்பு முழுக்க அவனுடையது. கையில் ஒரு புது லேப்டாப். பழையதைத் திரும்ப எடுத்துக்கொண்டு போக வந்தான்.

"எல்லாருக்கும் இதான் சார். பழைய மெஷின் சப் கே சப் வாபஸ். புது வெர்ஷன் பழசுல ஓடாது, தாராவி ப்ராஜெக்ட் முழுக்கப் புது வெர்ஷன்ல ரெகார்ட் பண்ணியிருக்கோம்."

"இரைச்சல் எடுக்கறதுக்கு நான் வெச்சிண்டிருக்கற ப்ளகின்?"

"ஓடறது சார். இது வேற மாதிரி சிப். அந்த ப்ளகின் பழைய சிப்புக்கு எழுதினது. ஆனா உள்ளேயே ஒரு டிரான்ஸ்லேட்டர் மாதிரி இருக்கு, அதோட பாஷையை இதுக்கு மாத்திக் குடுத்துடும். நானே பாத்தேன், ஏக்தம் ஃபர்ஸ்ட் கிளாஸ்."

"பாத்தேள். சரி," என்றாராம் மணி.

அவன் சொன்னது பொய்யில்லை. அந்த ப்ளகின், எடிட்டிங் நிரலோடு ஒட்டிக்கொண்டு வேலை செய்கிற துணை நிரல், ஓடியது. ஆனால் அதன் ஜன்னல், அதாவது திரையில் அது திறக்கிற சதுரம், முழுக்கப் படம். திருகுகளும் அளவுகோல்களும் எழுத்தாக இல்லாமல் ஓவியமாக வரையப்பட்டிருக்கும். படத்தை அந்தக் குரலால் படிக்க முடியாது. ரொம்ப வருஷத்துக்கு முன் பார்வையில்லாத ஒருவர், எந்த நாட்டுக்காரரோ, ஒரு சின்ன இணைப்பு நிரல் எழுதி வைத்திருந்தார். அது நடுவில் உட்கார்ந்து ஒவ்வொரு திருகுக்கும் பெயர் சொல்லும். மணி இத்தனை நாள் வேலை செய்தது அதன் தயவில். அதுவும் பழைய சிப்புக்கு எழுதியது. புது மெஷின் ப்ளகினை மொழிபெயர்த்து ஏற்றுக்கொண்டது, இணைப்பை ஏற்கவில்லை. எழுதினவருக்கு மணி ஈமெயில் அனுப்பினார். அப்படி ஒரு விலாசம் இல்லை என்று திரும்பி வந்தது.

ஆகவே சனிக்கிழமை அவர் அந்த ஜன்னலைத் திறந்தபோது, குரல் "விண்டோ" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னது. பிறகு எந்த விசையைத் தட்டினாலும் மௌனம்.

கிருஷ்ணாவுக்கு ஃபோன் போட்டார். அவன் பதறாமல், "டென்ஷன் லேனே கா நஹி சார். புது வெர்ஷன்லயே ஆட்டோ க்ளீன்னு ஒண்ணு குடுத்திருக்கான். ஒரே பட்டன். அது பேசும். அதை அமுக்குங்கோ, கதம், வேலை முடிஞ்சுது," என்றான்.

அமுக்கிப் பார்த்தார். தாராவி ப்ராஜெக்ட் என்பது அங்கே வாழ்கிறவர்களின் பேச்சு: அவரவர் வீட்டில், அவரவர் வேலைக்கு நடுவில் பதிவு செய்த நாற்பது மணி நேரம். அதில் முதலாவது, மெஹராஜ் என்கிற அம்மாள். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், டப்பாச் சாப்பாடு செய்து அனுப்புகிறவர். தகரக் கூரையில் மழை கொட்டக் கொட்ட, அடுப்பில் தாளித்துக்கொண்டே பேசியிருந்தார்.

"நான் வந்த மொத வருசம். தண்ணி முட்டுக்கு நிக்கி. சிலிண்டரத் தூக்கிப் பெஞ்சு மேல வச்சேன், நானும் பெஞ்சு மேல ஏறி நின்னுக்கிட்டேன். நாப்பது டப்பா. அன்னைக்கி ஒருத்தருக்காவது சோறு இல்லன்னு சொன்னேனான்னு கேளுங்க. சொல்லல."

ஆட்டோ க்ளீன் மழையை அழித்தது. கடுகு வெடித்ததையும் அழித்தது. கூடவே "முட்டுக்கு" என்பதில் பாதியை எடுத்துக்கொண்டு போனது. "சொல்லல" என்று முடித்துவிட்டு அந்த அம்மாள் மூக்கால் ஒரு சிரிப்புச் சிரித்திருந்தார். அதையும் இரைச்சல் என்று நினைத்து வழித்துவிட்டது. மிச்சம் இருந்தது தண்ணீருக்குள் தலையை வைத்துக்கொண்டு யாரோ பேசுவதுபோல் இருந்தது.

"இது ஆகாது கிருஷ்ணா."

"க்ளையண்டுக்கு அவ்ளோ தெரியாது சார்."

"அந்த அம்மாவுக்குத் தெரியுமே."

 கிருஷ்ணா ரொம்ப மரியாதையாகச் சொன்னான்: "சார், வர்ற திங்கள் விட்டு அதுக்கடுத்த திங்கட்கிழமை வரைக்கும் பாருங்கோ. ஆகலைன்னா எடிட்டிங்கை வேற ஆள்கிட்ட குடுத்துடறேன். நீங்க உக்காந்து கேட்டுட்டு, எங்க சரியில்லைன்னு சொன்னாப் போறும். சம்பளம் அதேதான். உங்களுக்கும் ஒரு ஆராம், ரெஸ்ட் மாதிரி."

ஷ்யாமளா காபி டம்ளரைக் கீழே வைத்தாள். "நல்லதுக்குத்தான் மாமி சொன்னான். ஆனா இவர் அன்னிக்கு ராத்திரி தட்டுல போட்டதைத் தொடலை. கேட்டுச் சொல்ற ஆளா வெச்சுண்டு, ரெண்டு வருஷத்துல அதுவும் வேண்டாம்னு சொல்லுவான்னு இவருக்குத் தெரியாதா?"

திங்கட்கிழமை அவள் லீவு போட்டாள். எட்டு நாற்பத்திரண்டு லோக்கல் ரயிலை அவள் விட்டதே கிடையாது, காய்ச்சலோடும் போகிறவள். நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "நான் படிச்சுச் சொல்றேன், நீங்க என்ன பண்ணணும்னு சொல்லுங்கோ," என்றாள்.

அந்தக் காலைநேரத்தை அவள் எனக்கு நடித்தே காட்டினாள்.

"ஒரு வட்டம் இருக்கு. பக்கத்துல பன்னிரண்டுன்னு போட்டிருக்கு."

"என்ன பன்னிரண்டு? டெசிபலா, சதவீதமா?"

"அதெல்லாம் போடலைன்னா. வெறும் பன்னிரண்டு."

"சரி, கொஞ்சமா ஏத்து."

"ஏத்தினேன். இருபத்தேழு ஆயிடுத்து."

"கொஞ்சமான்னு சொன்னேனே!"

"இந்த மவுஸு வழுக்கறது, நான் என்ன பண்ணட்டும்? இப்போ நாலுக்குப் போயிடுத்து. அய்யோ, ஏதோ செவப்பா எரியறது."

"எது செவப்பா எரியறது?"

"செவப்பான்னா செவப்பு. அதை எப்படிச் சொல்றது உங்களுக்கு?"

 மழை ஜன்னல் கண்ணாடியில் சரிந்துகொண்டிருந்தது. மணி ஹெட்ஃபோனைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "ஷ்யாமா, கோச்சுக்காதே. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல ரோடு தாண்ட உன் கையைப் பிடிச்சிருக்கேன், ஃபாரம்ல கையெழுத்து எங்க போடறதுன்னு கேட்டிருக்கேன். என் வேலைக்கு மட்டும் உன் கண்ணைக் கேட்டதில்லை. இனிமே தெனம் லீவு போட்டுண்டு நீ இங்க உக்காருவியா?"

"அதுக்காக இன்னிக்கும் உக்காரக் கூடாதா?" என்று அவளும் கோபமாகக் கேட்டாள். எழுந்திருக்கும்போது அவள் முழங்கை விசைப்பலகையில் பட்டுவிட்டது. மேஜைமேல் கிடந்த ஹெட்ஃபோனிலிருந்து மெஹராஜின் பேச்சு சின்னதாகக் கசிந்துகொண்டிருந்தது. அதில் மழைச் சத்தம் சட்டென்று மெலிந்து, மறுபடி தடித்தது.

மணி அவள் கையைப் பிடித்தார். "என்ன பண்ணினே?"

"ஒண்ணும் பண்ணலைன்னா. இடிச்சிண்டேன்."

"எதை இடிச்சே? எந்தப் பக்கம்?"

"இந்தப் பக்கம். அம்புக்குறி போட்ட விசை."

அவர் அம்புக்குறியை மெதுவாகத் தட்டினார். மழை மெலிந்தது. கீழ் அம்பைத் தட்டினார். தடித்தது. இன்னொரு தடவை மேலும் கீழும் தட்டிப் பார்த்தாராம். பிறகு, "இது எங்கிட்ட பேசலையே தவிர, நான் சொல்றதைக் கேக்கறது ஷ்யாமா," என்றார். "பேச வேண்டாம். அது பண்றதை நான் கேட்டுக்கறேன்."

எனக்குப் புரிந்த அளவில் விஷயம் இதுதான். டாப் என்கிற விசையைத் தட்டினால் ஒரு திருகிலிருந்து அடுத்த திருகுக்குப் போகும். அம்புக்குறி அந்தத் திருகைத் திருப்பும். முன்பெல்லாம் எந்தத் திருகு, எவ்வளவு என்று குரல் சொல்லிவிடும். இப்போது சொல்லாது. ஆனால் திருகைத் திருப்பினால் சத்தம் மாறுமே? எந்தத் திருகு சத்தத்தில் எதை மாற்றுகிறது என்று காதால் பிடித்துவிட்டால், அதன் பெயர் எதற்கு?

பேச்சை வைத்துக்கொண்டு அதைக் கண்டுபிடிக்க முடியாது. பேச்சு தானே ஏறி இறங்கும். அதற்காகத்தான் இரைச்சல். அடியிலிருந்து உச்சி வரை எல்லா ஸ்வரமும் ஒரே அளவில் கலந்த, மாறாத இரைச்சல். அதில் ஒரு மயிரிழை குறைந்தாலும் அவருக்குத் தெரிந்துவிடும். செவ்வாய்க்கிழமை நான் குழாய் என்று நினைத்தது அதைத்தான்.

அடுத்த இரண்டு நாளும் அந்த வீட்டில் காலை எட்டு மணிக்கே அது ஆரம்பிக்கும். ஷ்யாமளா டப்பாவைக் கட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடுவாள். ஆபீசில் கழித்துப்போட்ட ஃபைல் அட்டைகளைச் சாயங்காலம் ஒரு கட்டாகக் கொண்டுவருவாள். கெட்டி அட்டை, பிரெய்ல் குத்த வசதி. ஒவ்வொரு திருகையும் கண்டுபிடிக்கக் கண்டுபிடிக்க மணி அதில் ஊசியால் டக் டக்கென்று புள்ளி குத்தி வைப்பார். 'டாப் நாலு தடவை. மேல் அம்பு: மேல்ஸ்தாயி தேய்கிறது. ஒரு தட்டுக்கு அரை டெசிபல்.' இப்படி.

மத்தியானம் நான் ஏதாவது கொண்டுபோய்க் கொடுப்பேன். புதன்கிழமை மோர்க்குழம்பும் சேப்பங்கிழங்கு ரோஸ்ட்டும். கதவு திறந்தே கிடந்தது. அவர் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். இரைச்சல் இல்லை.

"என்ன ஆச்சு?"

"பெரிய லோச்சா மாமி, சிக்கல். இருபத்தோரு திருகு கண்டுபிடிச்சு எழுதிட்டேன். சாப்பிடலாம்னு மூடிட்டு மறுபடி திறந்தா, எல்லாம் எடம் மாறியிருக்கு."

"திருகு எப்படி எடம் மாறும்?"

"திருகு மாறலை. நான் நிக்கற எடம் மாறிடறது. கடைசியா எங்க விட்டேனோ அங்கேர்ந்து எண்ண ஆரம்பிக்கறது. சில சமயம் ஜன்னலுக்கு வெளியிலேர்ந்து. நாலாவது வீடுன்னு சொன்னா, தெருவோட எந்த முனையிலேர்ந்து நாலுன்னு தெரிய வேண்டாமா?"

ஆறிப்போகிறதே என்று நான் தட்டில் சாதத்தைப் போட்டேன். பிசைந்துகொண்டே, வாயில் வைக்காமல், ரொம்ப நேரம் யோசித்துக்கொண்டிருந்தார். "அந்த ஜன்னல்ல ஒரு பட்டன் உண்டு மாமி. மொத்தத்தையும் நிறுத்தி வைக்கறது. வேலையே செய்யாதே, சும்மா இருன்னு சொல்றது. பழைய மெஷின்ல அதுதான் முதல்ல வரும்."

"சரி."

"அதைத் தட்டினா மட்டும்தான் இரைச்சல் ஒரேயடியா முழுசா வரும். மத்த எதுவும் அப்படிப் பண்ணாது."

தட்டு அப்படியே இருந்தது. எச்சில் கை என்பதால் இடது கையால் இரைச்சலை மறுபடி ஓடவிட்டு, தேடித் தட்டினார். டாப், ஸ்பேஸ். ஒன்றுமில்லை. டாப், ஸ்பேஸ். ஒன்றுமில்லை. பதினான்காவது தடவையோ என்னவோ, மெலிந்திருந்த இரைச்சல் அணை திறந்தாற்போல் அறை முழுக்கக் கொட்டியது. நான் காதைப் பொத்திக்கொண்டேன். அவர் மோர்க்குழம்புக் கையைத் தூக்கிக்கொண்டு சிரித்தார்.

"வாசல் கெடச்சுடுத்து மாமி! எங்க தொலைஞ்சாலும் இங்க வந்து சேந்துடலாம். இங்கேர்ந்து எண்ணிக்கலாம்."

"முதல்ல சாப்பிடுங்கோ," என்றேன். எனக்குக் கண்ணில் நீர் வந்திருந்தது.

பழைய அட்டைகளை எல்லாம் தள்ளிவிட்டு வாசலிலிருந்து முதல் திருகு என்று புதிதாக ஆரம்பித்தார். வியாழன் சாயங்காலம் முப்பத்துநான்கு திருகுகளும் அட்டைக்கு வந்துவிட்டன. அதில் மூன்று என்ன செய்கின்றன என்று மட்டும் தெரியவில்லை. "வெறும் கலருக்கா இருக்கும். பாக்கறவாளுக்கு அழகா இருக்கணுமோல்லியோ," என்றார்.

வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் மெஹராஜின் ஒரு மணி நேரப் பேச்சு. இப்போது எதிர்வீட்டிலிருந்து சத்தமே வரவில்லை, ஹெட்ஃபோனுக்குள் போய்விட்டார். அட்டைகளை மடியில் பரப்பி, இடது விரல்கள் புள்ளிமேல் ஓட, வலது கை விசைகளில். ஒரே பேச்சாக எடுத்துக்கொள்ளாமல், மழை பலத்த இடம், தணிந்த இடம், தாளித்த இடம் என்று துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் திருகுகளைத் தனித்தனியாக வைத்தார். 'முட்டுக்கு' என்ற ஒரு சொல்லுக்கு மட்டும் சனிக்கிழமை காலை முழுக்கப் போயிற்று என்று ஷ்யாமளா சொன்னாள். மழையின் இரைச்சலும் அந்தச் சொல்லின் வல்லோசையும் ஒரே உயரத்தில் இருந்தனவாம். ஒன்றை இழுத்தால் இன்னொன்றும் கூட வந்ததாம்.

திங்கட்கிழமை கிருஷ்ணா வந்தபோது நானும் அங்கே இருந்தேன். ஹெட்ஃபோனை மாட்டிக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். சிரிப்பு வரும் இடத்தில் அவனும் சிரித்தான். கழற்றிவிட்டு மணியையும் மடியில் கிடந்த அட்டைகளையும் மாறி மாறிப் பார்த்தான்.

"சார், அந்த ப்ளகின் உங்களுக்குப் பேசலையே?"

"இன்னமும் பேசலை."

"அப்புறம் எப்படி சார்?"

மணி சொல்லச் சொல்ல அவன் மேஜை ஓரத்தில் மெல்ல உட்கார்ந்துவிட்டான். முடிந்ததும் எழுந்து, "நான் அன்னிக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது சார். மாஃப் கீஜியே," என்றான்.

"சொன்னதுல தப்பில்லை. இன்னும் முப்பத்தொன்பது மணி இருக்கே, அதை எப்போ அனுப்பறேள்?" என்றார் மணி.

பேசினவர்கள் கேட்டுச் சம்மதம் சொன்னால்தான் வெளியிடுவது என்று ஏற்பாடு. மெஹராஜிடம் போகும்போது தானும் வருகிறேன் என்றார் மணி. ஷ்யாமளாவும் கூடப் போனாள். மாட்டுங்காவிலிருந்து டாக்ஸியில் பத்து நிமிஷம்தான். அறுபதடி ரோட்டில் இறங்கிச் சந்துக்குள் நடந்தார்கள். ஷ்யாமளாவின் செருப்பு சேற்றில் இரண்டு தடவை மாட்டிக்கொண்டது. மணி தடியால் பலகைகளைத் தொட்டுத் தொட்டுச் சாக்கடையைத் தாண்டிவிட்டார்.

கீழே மெஹராஜின் வீட்டுக்காரர் ஜமால் தோல் வெட்டிக்கொண்டிருந்தார். சமையல் மேலே. இரும்பு ஏணி, பிடித்துக்கொள்ள ஒரு கயிறு.

"வாங்க, வாங்க. ஏணி செங்குத்தாத்தான் இருக்கும். கயத்த நல்லாப் புடிச்சிக்கிடுங்க," என்று மேலிருந்து குரல் வந்தது. மணி நின்று, முகத்தை நிமிர்த்தினாராம். பத்து நாளாக ஹெட்ஃபோனில் கேட்ட குரல் அல்லவா.

மேலே அலுமினியப் பாத்திரங்கள், வரிசையாக அடுக்கிய டப்பாக்கள், சாம்பார்ப் பொடி வாசனை. மெஹராஜுக்கு ஐம்பது வயது இருக்கும். கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஹெட்ஃபோனை முக்காட்டுக்கு மேலேயே மாட்டிக்கொண்டார். கேட்க ஆரம்பித்தபோது சிரித்த முகமாக இருந்தார். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு போய்விட்டது. தரையைப் பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார். ஏதோ பிடிக்கவில்லை என்று ஷ்யாமளா பயந்துவிட்டாள். மணிக்கு முகம் தெரியாது. மூச்சு மாறியது மட்டும் கேட்டிருக்கிறது.

"எங்கயாவது சரியில்லையாம்மா?" என்றார்.

மெஹராஜ் ஹெட்ஃபோனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "இது எங்க வாப்பா கொரலு மாதிரில்லா இருக்கு."

மடியில் கிடந்த ஹெட்ஃபோனைத் தடவிக்கொண்டே அவரே தொடர்ந்தார்.

"வாப்பா மவுத்தாயிப் பதினாறு வருசம் ஆச்சு. உங் கொரலு அப்படியே வாப்பா கொரலுதாம்ட்டின்னு எனக்கு மூத்த லாத்தா சொல்லும். நான் சண்டைக்குப் போவேன், பொம்பளைக்கு ஆம்பளை கொரலான்னு. இப்பதான் கேக்கேன். அந்தச் 'சொல்லல'ன்னு சொல்லிட்டுச் சிரிக்கேம்லா, அது அவங்கதான். ஏங்க, இங்க மேல வாங்களேன், வாப்பா பேசுதாவ!"

ஜமால் தோல் வெட்டும் கத்தியோடு ஏணியில் பாதி ஏறி, தலையை மட்டும் நீட்டி, ஹெட்ஃபோனை வாங்கிக் காதில் வைத்தார். "ஆமா," என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஆனால் திருப்பிக் கொடுக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"எல்லாரும் கேக்குத மாதிரிப் போடப் போறியளா?" என்று மெஹராஜ் கேட்டார்.

"நீங்க சம்மதிச்சா."

"போடுங்க. ஆனா மழையையும் கடுகையும் இதுக்கு மேல எடுத்துராதிய. வெறும் வீட்ல உக்காந்து பேசுன மாதிரி ஆயிரும். நான் வேல செஞ்சிக்கிட்டுல்லா பேசுனேன்?"

"எடுக்கலைம்மா. உங்க பேச்சுக்கு வழி விட்டு ஒதுங்கி நிக்கச் சொல்லியிருக்கேன், அவ்வளவுதான்," என்றார் மணி.

இஞ்சி டீ வந்தது. நாற்பது டப்பா இப்போது நூற்றுப்பத்தாகியிருக்கிறது என்று பேச்சு நீண்டது. கிளம்பும்போது மெஹராஜ் ஷ்யாமளாவிடம் தாழ்ந்த குரலில், "உங்க வீட்டுக்காரவுகளுக்குப் பொறுமை ரொம்ப," என்றாராம். ஷ்யாமளா, "வேலைல மட்டும்தான்," என்று சொல்லிவிட்டு வந்ததாக என்னிடம் சொல்லிச் சிரித்தாள்.

பார்வையில்லாத ஒலித்தொழில்காரர்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்ளும் ஈமெயில் குழு ஒன்று உண்டு. வாசலை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதில் தொடங்கி முப்பத்துநான்கு திருகுகளையும் ஆங்கிலத்தில் அடித்து மணி அதில் போட்டார். ஒரு வாரத்துக்கு எங்கெங்கிருந்தோ ஃபோன் வந்தது. இந்தப் புது மெஷின் எத்தனை வீடுகளில் வந்து இறங்கி, எத்தனை பேரை வாயடைக்க வைத்திருக்கிறது என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. நாசிக்கிலிருந்து ஒருவர், இலங்கையிலிருந்து ஒருவர். நெருளிலிருந்து சாருலதா என்று ஒரு பெண், முதல் நாள் ஃபோனில் நன்றி சொல்லக்கூட முடியாமல் அழுதாளாம். ஏப்ரலில் அவள் ஆபீசிலும் இதே மெஷின் வந்திருக்கிறது. ஒரு மாதம் முட்டி மோதிவிட்டு வேலையை ராஜினாமா செய்துவிட்டாள்.

ஆகஸ்ட் கடைசி ஞாயிற்றுக்கிழமை அவள் நேரிலேயே வந்தாள். குர்லாவில் வண்டி மாறி, வெள்ளைத் தடியோடு தனியாக, மழையில். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். மறுபடி அதே ஆபீசில் சேர்ந்து இரண்டு வாரம் ஆகிறது என்றாள். ஷ்யாமளா துண்டு எடுத்துக் கொடுத்துவிட்டுக் காபி கலக்கப் போனாள். நான் அவளுக்கு நாற்காலியைக் காட்டினேன்.

உட்கார்ந்ததும் அவள் சொன்ன முதல் விஷயம்: "சார், உங்க லிஸ்ட்ல முப்பத்துமூணாவது தப்பு."

காபி ஆற்றுகிற சத்தம் நின்றது.

"தப்பா?" என்றார் மணி.

"தப்புன்னா, சுத்து வழி சார். வாசல்லேர்ந்து முப்பத்துமூணு தடவை டாப் அடிக்கச் சொல்றீங்க. ஷிஃப்டை அமுக்கிண்டு அடிச்சா பின்பக்கமா போகும். ரெண்டே அடில அதே எடம் வந்துடறது."

மணி லேப்டாப்பைத் திறந்தார். வாசலைக் கண்டுபிடித்தார். ஷிஃப்ட், ஒன்று, இரண்டு. அம்புக்குறியைத் தட்டினார். இரண்டு பேரும் தலையை ஒரே பக்கமாகச் சாய்த்துக் கேட்டார்கள்.

"அடப்பாவி," என்றார் அவர். முகமெல்லாம் மலர்ந்திருந்தது. "இத்தனை நாளும் நான் முப்பத்துமூணு அடிச்சிண்டிருக்கேன். வேற என்ன தப்பு இருக்கு?"

"இன்னும் நாலு இருக்கு சார். அப்புறம் நீங்க வெறும் கலர்னு விட்டிருக்கீங்களே மூணு, அதுல ஒண்ணு கலர் இல்ல."

மணி எழுந்து புது அட்டைக் கட்டைப் பிரித்தார். "ஷ்யாமா, காபியோட முடியற காரியமில்லை இது. அரிசி கூட ஒரு டம்ளர் களைஞ்சு வை."